வள்ளம் ஆறு மணிக்குப் போகுமா?

கேள்வி:

மதிப்புக்குரிய ரீச்சருக்கு வணக்கம். எனக்கு 24 வயது. கல்குடாப் பக்கம் வீடு. உயர்தரம் முடித்து, ஆங்கில வகுப்புக்கும் போய், இப்போது எட்டு மாதமாகப் பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கார்த்திகை மாதத் தொடக்கத்தில், வயதான வெளிநாட்டுத் தம்பதியினர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்து, நாளை காலை ஆறு மணிக்கு வள்ளம் போகுமா என்று கேட்டார்கள். "ஷுவர், ஷுவர், ஃபோர் ஷுவர்" என்றேன். விடியப் பார்த்தால் ஒரே காற்று. வள்ளக்காரர் கடலில் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐந்தரைக்கே ஆயத்தமாகி வந்து நின்ற அந்த அம்மா, "பட் யூ செட் ஃபோர் ஷுவர்" என்று மட்டும் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

விருந்தினர் எதைக் கேட்டாலும் சிரித்த முகத்துடன் 'ஷுவர்' சொல்ல வேண்டும் என்றுதான் எங்கள் முகாமையாளர் பழக்கினார். 'டெஃபினிட்லி' இன்னும் பலமான சொல் என்கிறார் அண்ணா. 'ஷுவர்லி' என்றால் நிச்சயமாக என்று பாடசாலையில் படித்தோம். 'நோ டவுட்' என்றும் ஒன்று இருக்கிறது. இவற்றில் எதை எங்கே சொல்வது? வேறொரு விடுதிக்கு விண்ணப்பக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் "ஐ வில் ஷுவர்லி டூ மை பெஸ்ட்" என்று ஒரு வரி இருக்கிறது. அது சரியா? அந்தத் தம்பதியினர் விருந்தினர் புத்தகத்தில் மின்னஞ்சல் முகவரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு ஏதாவது எழுதலாமா?

— கல்குடா வாசகி

பதில்:

அன்பு மகள்,

நீங்கள் சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. 'ஃபோர் ஷுவர்' என்று அன்றாடம் எல்லோரும் சொல்கிறார்கள். வள்ளம் போகுமா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். போக வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையை முகத்தில் கண்ட நீங்கள், அந்த ஆசைக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். இப்படிச் செய்யாத ஒருவரை நான் நம் ஊரில் கண்டதில்லை. நானும் செய்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வாயில் வந்தது 'ஃபோர் ஷுவர்'. மனத்தில் இருந்தது 'கட்டாயம்' என்ற நம்முடைய சொல். அந்தச் சொல்லை நாம் எப்படி எல்லாம் புழங்குகிறோம் என்று பாருங்கள். 'கட்டாயக் கல்வி' என்றால் தவிர்க்க முடியாதது, சட்டம். கலியாணத்துக்கு அழைக்க வந்தவர் "கட்டாயம் வர வேண்டும்" என்று சொன்னால் அது சட்டமல்ல, அன்பு. "கட்டாயம் வருவோம்" என்று நாம் சொல்லும் பதிலும் அன்புதான். அந்த நாளில் நமக்கு வயல் வெட்டு இருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கலாம். போகாவிட்டால் அவர் கொஞ்சம் மனத்தாங்கல் படுவார். ஆனால் நம்மைப் பொய் சொன்னவர் என்று நினைக்க மாட்டார். அந்தக் 'கட்டாயம்' எவ்வளவு கனம் என்று அவர் குரலிலேயே நிறுத்துப் பார்த்துவிடுவார்.

அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு உங்கள் குரலை நிறுக்கத் தெரியாது. அவருக்குக் கேட்டது சொல் மட்டுமே. வள்ளக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒருவர் சொல்லும் சொல்லாக அதை எடுத்துக்கொண்டார். அதை நம்பி ஐந்து மணிக்கு எழும்பியிருக்கிறார்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து கல்லடி, நாவலடிப் பக்கத்து வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, ஆங்கிலம் தெரிந்த எங்களில் பலர் நிவாரணத்துக்கு வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கப் போனோம். 2005 இல் நான் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலரோடு முகாம் முகாமாகப் போய்வந்தேன். ஓரிடத்தில் ஒரு தாய், எங்களுக்கும் வீடு கிடைக்குமா என்று கேட்டார். அலுவலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ அம் ஷுவர் சம்திங் வில் பி டன்" என்றார். "நிச்சயம் ஏதாவது செய்வார்கள் அக்கா" என்று நான் மொழிபெயர்த்தேன். அகராதியை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் படலையைத் தாண்டுவதற்குள் அந்த அக்கா பக்கத்துக் கொட்டிலில் இருந்தவரிடம், "எங்களுக்கு வீடு நிச்சயமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். வீடு கொடுக்கும் பெயர்ப் பட்டியலில் இந்தக் குடும்பம் இல்லை. நான் ஊர்க்காரி என்பதால் அந்த அக்கா என்னைச் சந்தையில் கண்டு கேட்டார்: "நீங்கள்தானே தங்கச்சி நிச்சயம் என்று சொன்னீர்கள்?"

அலுவலர் பொய் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'ஐ அம் ஷுவர்' என்று தொடங்கும் வாக்கியம், பல இடங்களில் பேசுபவருக்குத் தெரியாது என்பதற்கே அடையாளம். "ஐ அம் ஷுவர் இட் வில் பி ஃபைன்" என்று ஒரு டொக்டர் சொன்னால் அது பரிசோதனை முடிவு அல்ல, தைரியம் சொல்வது. முடிவு கையில் இருந்தால் அவர் "இட் இஸ் ஃபைன்" என்றுதான் சொல்வார். அன்று நான், "ஏதாவது நடக்கும் என்று இவர் நம்புகிறார் அக்கா, இவருக்கும் தெரியாது" என்று மொழிபெயர்த்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது ஆங்கிலம் போதவில்லை. ஆங்கிலத்தில் பட்டம் பெற்றிருந்தும் போதவில்லை.

ஆகவே மகள், உங்கள் அண்ணா கேட்கும் 'எது இன்னும் பலமான சொல்' என்ற கேள்வியை முதலில் கீழே வைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மிகப் பலமான உறுதி, உறுதிச் சொல் எதுவும் இல்லாத வெறும் வாக்கியத்தில் இருக்கிறது. "த ஷொப் இஸ் ஓப்பன்" என்பவர் கடையைப் பார்த்துவிட்டு வந்தவர். "த ஷொப் இஸ் டெஃபினிட்லி ஓப்பன்" என்பவரிடம் யாரோ சந்தேகம் கிளப்பியிருக்கிறார்கள். "ஐ அம் ஷுவர் த ஷொப் இஸ் ஓப்பன்" என்பவர் கடைப் பக்கம் போகவே இல்லை.

இது ஆங்கிலேயருடைய விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். தமிழும் இப்படித்தான். மாமா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டால், கண்ணால் கண்டவர் "இருக்கிறார்" என்பார். காணாதவர்தான் "கட்டாயம் வீட்டில்தான் இருப்பார்" என்பார். வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'கட்டாயம்' வந்த உடனே 'இருக்கிறார்' என்பது 'இருப்பார்' ஆகிவிட்டது. "கட்டாயம் இருக்கிறார்" என்று நம் வாயில் வருவதே இல்லை. இன்னொன்று: "அவர் வீட்டில் இருக்க வேண்டும்" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. வெளியே போகக்கூடாது என்பது ஒன்று. வீட்டில்தான் இருப்பார் என்று ஊகிக்கிறேன் என்பது மற்றது. ஆங்கிலத்து 'மஸ்ட்' இதே இரண்டு வேலையையும் செய்கிறது. "ஹி மஸ்ட் பி அட் ஹோம்" என்பதும் ஊகம்தான். எதிர்மறையில் நாம் "வீட்டில் இருக்க முடியாது" என்போம். அவர்களும் "ஹி கான்ட் பி அட் ஹோம்" என்பார்கள். என் மாணவர்கள் கேள்விப்பட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் பாடம் இது. புதிதாக எதையும் மனனம் செய்ய வேண்டியதில்லை, தமிழில் ஏற்கெனவே செய்வதைக் கவனித்தால் போதும்.

அப்படியானால் 'ஃபோர் ஷுவர்' எதற்கு? அந்தத் தொடருக்குச் சொந்த வீடு ஒன்று இருக்கிறது. அது 'தெரியும்', 'சொல்ல முடியும்' என்ற வினைகளுக்குப் பின்னால். அதிலும் அவை இல்லை என்று மறுக்கப்படும்போது. "ஐ டோன்ட் நோ ஃபோர் ஷுவர்" என்றால் ஓரளவு தெரியும், உறுதியாகத் தெரியாது. "ஐ கான்ட் சே ஃபோர் ஷுவர்" என்றால் அடித்துச் சொல்ல முடியாது. "நோபடி நோஸ் ஃபோர் ஷுவர்" என்பதை மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி விருந்தினர் கேட்கும்போது நீங்கள் தைரியமாகச் சொல்லலாம். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே துடுப்பை நீரில் விட்டு, அதன் மேல்நுனியில் காது வைத்துக் கேட்டவர்கள் உண்டு. அந்த ஒலியை எழுப்புவது எது என்பதில் இன்னும் ஒரே முடிவு இல்லை. அந்த இடத்தில் இந்தத் தொடர் அச்சாகப் பொருந்தும்.

இதற்கு அடுத்ததாக, "ஒன் திங் இஸ் ஃபோர் ஷுவர்" என்று ஒரு பேச்சைத் தொடங்கலாம். மற்றதெல்லாம் எப்படியோ, இது மட்டும் உறுதி என்ற பொருள். யாராவது ஒரு கருத்தைச் சொல்ல, நீங்களும் அப்படியே நினைத்தால் "ஃபோர் ஷுவர்" என்று தனியாகச் சொல்லலாம். அறுகம்பேயில் அலைச்சறுக்க வரும் இளையவர்கள் வாயில் இதைத்தான் அதிகம் கேட்பீர்கள். நாம் 'ஓம் ஓம், அப்படித்தான்' என்பதற்குச் சமன் அது. நண்பரோடு பேசும்போது நன்று. அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. வாக்கியத்தில் வரும்போது கடைசியில் வைப்பதுதான் இயல்பு. "ஃபோர் ஷுவர் ஐ வில் கம்" என்று முன்னால் தூக்கி வைத்தால் விளங்கும், ஆனால் வேற்று மொழியில் யோசித்துச் சொன்னது போலக் கேட்கும். "ஐ அம் ஃபோர் ஷுவர்" என்பது மட்டும் பிழை. அங்கே "ஐ அம் ஷுவர்" போதும்.

உங்கள் முகாமையாளர் சொன்னதில் பாதி சரி. விருந்தினர் ஒன்றைச் செய்துதரும்படி கேட்டால் 'ஷுவர்' நல்ல பதில். இன்னொரு துவாய் தர முடியுமா? ஷுவர். சாவியை வைத்துக்கொள்வீர்களா? ஷுவர். இங்கே அந்தச் சொல்லுக்கு 'நிச்சயம்' என்ற பொருள் இல்லை. 'அதற்கென்ன, தருகிறேன்' என்பதுதான் பொருள். அந்தத் துவாய் உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் கொடுக்கலாம். வள்ளம் உங்கள் கையில் இல்லை. கடல் வள்ளக்காரர் கையிலும் இல்லை. தகவல் கேட்பவரிடம் 'ஷுவர்' சொன்னால், அதே சின்னச் சொல் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறது. "உங்களால் முடியுமா" என்பது ஒரு கேள்வி, "அது நடக்குமா" என்பது வேறு கேள்வி. இந்த ஒன்றைப் பிரித்துக் கேட்கக் காதைப் பழக்கினால், வரவேற்பு மேசையில் வரும் இக்கட்டில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

இனி அன்று இரவு என்ன சொல்லியிருக்கலாம் என்று பார்ப்போம்.

காத்தான்குடியிலிருந்து என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளிடம் நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால், 'இன்ஷா அல்லாஹ்' என்பார்கள். என் அம்மம்மா 'அம்மாள் விட்டால்' என்பார். கண்ணகை அம்மனிடம் உத்தரவு வாங்காமல் அவர் நாளையைப் பற்றிப் பேசியதே இல்லை. நாளை நம் கையில் இல்லை என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடும் இந்தத் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கடலோரத்துக்கு ஒன்று இருக்கிறது: 'வெதர் பெர்மிட்டிங்'. காலநிலை இடம்கொடுத்தால் என்று அர்த்தம். வள்ளச் சவாரி அறிவித்தல்களில் இது வழக்கமாக வரும் தொடர். விருந்தினருக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மம்மாவின் சொல்லை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால், அம்மாளின் இடத்தில் காற்றையும் மழையையும் வைத்து நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொரு உதவி 'ஷுட்'. பாடசாலையில் இதற்குச் 'செய்ய வேண்டும்' என்ற கடமைப் பொருளை மட்டும் படித்திருப்பீர்கள். "த போட் ஷுட் லீவ் அட் சிக்ஸ்" என்றால் வள்ளத்துக்குக் கட்டளை போடுவதல்ல. எல்லாம் வழக்கம்போல் நடந்தால் ஆறுக்குப் போகும், நடக்காமல் போகவும் கூடும் என்பதுதான் அதன் பொருள். இந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு நேர்மை இருக்கிறது என்று எனக்கு எப்போதும் வியப்பு.

இவற்றைச் சேர்த்தால் உங்கள் பதில் இப்படி வரும்: "இட் யூஷுவலி லீவ்ஸ் அட் சிக்ஸ், வெதர் பெர்மிட்டிங். ஐ டோன்ட் நோ ஃபோர் ஷுவர் அபவுட் டுமொரோ. ஐ வில் ஆஸ்க் த போட்மன் அட் ஃபைவ் அண்ட் கால் யுவர் ரூம்." முதல் வாக்கியம் உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தது. இரண்டாவது, தெரியாதது. மூன்றாவது, உங்கள் கையில் இருப்பது. மூன்றாவதில் 'ஷுவர்', 'டெஃபினிட்லி' எதையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறுமனே 'ஐ வில்'. அங்கே ஐந்து மணிக்குக் கேட்டுவிட்டால் அதுவே உங்கள் உறுதி. கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் நம் பக்கத்துக் கடல் எந்த நேரம் புரளும் என்று எந்தக் கடற்றொழிலாளரும் முதல் நாள் இரவு அடித்துச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாததை மேசையில் இருக்கும் நீங்கள் சொல்ல வேண்டாம். தெரியாது என்றால் விருந்தினர் முகம் சுருங்குமே என்று நீங்கள் பயப்படலாம். ஐந்து மணிக்கு அறைத் தொலைபேசி அடித்து, "சொரி, டூ மச் விண்ட் டுடே" என்று ஒரு குரல் சொன்னால் அவர்கள் திரும்பிப் படுத்துத் தூங்குவார்கள். அதற்காக உங்களுக்கு நன்றியும் சொல்வார்கள்.

நீங்கள் கேட்ட மற்றச் சொற்களுக்கு வருகிறேன்.

'ஷுவர்லி' என்பதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. 'நிச்சயமாக' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதிக் கொடுத்துப் பல தலைமுறைப் பிள்ளைகளை நாங்கள் வழி தவற விட்டிருக்கிறோம். இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் உறுதி சொல்வதில்லை, எதிரிலிருப்பவரின் உறுதியைக் கேட்டு வாங்குகிறது. "ஷுவர்லி யூ நோ ஹிம்" என்றால், 'உங்களுக்கு அவரைத் தெரியாமலா இருக்கும்?' என்ற வியப்பு. "ஷுவர்லி த போட் வில் கோ" என்று நீங்கள் சொல்லியிருந்தால், 'போகத்தானே வேண்டும், போகாமல் விடுமா?' என்று உங்களுக்கே பதற்றமாக இருப்பது போல அந்தத் தம்பதியினருக்குக் கேட்டிருக்கும். நம்முடைய 'தானே' இருக்கிறதே, அதற்குத்தான் இது கிட்ட வருகிறது. 'நிச்சயம்' வேறு ஊர்.

'நோ டவுட்' சொல்லளவில் 'சந்தேகமே இல்லை'. புழக்கத்தில் அதன் பலம் தேய்ந்துவிட்டது. "நோ டவுட் ஹி இஸ் பிஸி" என்றால் 'வேலையாக இருப்பார் போலும்' என்ற அளவுதான். முழுப் பலத்தோடு சொல்ல வேண்டுமானால் "ஐ ஹாவ் நோ டவுட்" என்று ஆளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'டவுட்' பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாம் கேள்வி கேட்பதை 'சந்தேகம் கேட்பது' என்போம். அதனால் வகுப்பில் "ஐ ஹாவ் எ டவுட்" என்று எழும்புவோம். நம் நாட்டிலும் இந்தியாவிலும் அது விளங்கும். பிரித்தானியர் ஒருவரிடம் அப்படிச் சொன்னால், நான் சொன்னதை இவர் நம்பவில்லையா என்று நினைப்பார். "ஐ ஹாவ் எ குவெஸ்ஷன்" என்று சொல்லுங்கள். அதேபோல, ஒருவர் திருடியிருப்பார் என்று சந்தேகப்பட்டு "ஐ டவுட் ஹி டுக் இட்" என்றால், அவர் எடுத்திருக்க மாட்டார் என்று பொருள்படும். நீங்கள் குற்றம் சாட்ட நினைத்தவரை விடுதலை செய்துவிடுவீர்கள். அங்கே வர வேண்டிய சொல் 'சஸ்பெக்ட்'. நம்முடைய இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய உறவு உண்டு என்பது எனக்குப் பிடித்த செய்தி. தன் தந்தையின் ஆவி உலவுவதாகக் கேள்விப்பட்டதும் ஹாம்லெட், ஏதோ சூது நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கும் இடத்தில் ஷேக்ஸ்பியர் 'டவுட்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார். நாம் சொல்லும் அதே பொருளில். நானூறு ஆண்டில் ஆங்கிலம் அதை விட்டுவிட்டுப் போய்விட்டது.

'டெஃபினிட்லி' நல்ல சொல்தான், ஆனால் 'இல்லை' அருகே வரும்போது கவனம் வேண்டும். "ஐ அம் டெஃபினிட்லி நொட் கமிங்" என்றால் வரவே மாட்டேன். "ஐ அம் நொட் டெஃபினிட்லி கமிங்" என்றால் வருவது இன்னும் முடிவாகவில்லை. இரண்டு சொல் இடம் மாறினால் ஒரு அறைப் பதிவையே இழக்கலாம்.

விருந்தினர் உங்களிடம் "ஐ அம் நொட் ஷுவர்" என்று சொல்லும்போதும் கூர்ந்து கேளுங்கள். "ஐ அம் நொட் ஷுவர் வீ நீட் எ கைட்" என்றால் பெரும்பாலும் 'வேண்டாம்' என்பதுதான் அதன் பொருள், மரியாதைக்காகச் சுற்றிச் சொல்கிறார்கள். உறுதியாகத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து நாம் மேலும் மேலும் விளக்கிக்கொண்டே இருப்போம். 'பார்ப்போம்' என்று நாம் சொல்லும்போது அது எத்தனை தடவை 'இல்லை' ஆக இருக்கிறது! அதே சங்கதிதான்.

'ஷுவர் டு', 'ஷுவர் ஒஃப்' இரண்டையும் ஒரே ஒரு உதாரணத்தோடு விடுகிறேன். "ஹி இஸ் ஷுவர் டு பாஸ்" என்றால் தம்பி சித்தியடைவான் என்பது நம் உறுதி. "ஹி இஸ் ஷுவர் ஒஃப் பாஸிங்" என்றால் அது தம்பியின் உறுதி. நமக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்பதில்லை. 'மேக் ஷுவர்' என்பது போய்ப் பார்த்து உறுதிப்படுத்துவது. அன்று இரவு தேவைப்பட்டது இந்தக் கடைசித் தொடர்தான்.

உச்சரிப்பையும் சொல்ல வேண்டும். எழுத்தில் 'எஸ்' இருந்தாலும் 'சுகர்' என்று எழுதி 'ஷுகர்' என்பது போல, இதுவும் 'ஷ' ஒலியில்தான் தொடங்குகிறது. நம்மில் சிலர் சொல்வது நம்முடைய சுவர் போலக் கேட்கிறது. இந்தச் சொல்லின் பிறப்பு அழகானது. லத்தீனில் 'செக்கூருஸ்' என்றால் கவலையற்ற நிலை. 'செ' இல்லாமல், 'கூரா' கவலை. அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'ஷுவர்' ஆனது. 'செக்யூர்' என்பதும் அதே வயிற்றுப் பிள்ளை. அந்த அம்மா உங்கள் வார்த்தையைக் கேட்டுவிட்டுக் கவலையில்லாமல் படுக்கப் போனார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் "ஐ வில் ஷுவர்லி டூ மை பெஸ்ட்" வேண்டாம். 'ஷுவர்லி'யை எடுத்துவிட்டால் நடை திருந்தும், ஆனால் வரி வெறுமையாகத்தான் இருக்கும். முயற்சி செய்வேன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்கள் எட்டு மாதம் ஒரு மேசையில் நின்றிருக்கிறீர்கள். "ஐ ஹாவ் வேர்க்ட் அட் த ஃப்ரன்ட் டெஸ்க் ஒஃப் எ பீச் ஹோட்டல் ஃபோர் எய்ட் மன்த்ஸ். ஐ ஸ்பீக் டமில் அண்ட் இங்கிலிஷ்" என்று எழுதுங்கள். சிங்களமும் தெரிந்தால் சேருங்கள். உறுதிச் சொல் ஒன்றுமே இல்லாத இந்த இரண்டு வரியையும் படிப்பவர் நம்புவார். கடைசியில் ஒன்று வேண்டுமானால் "ஐ அம் கொன்ஃபிடன்ட் தட் ஐ கான் ஹெல்ப் யுவர் கெஸ்ட்ஸ்" என்று ஒரே ஒரு தடவை எழுதலாம். நேர்முகத் தேர்வில் தெரியாத ஒன்றைக் கேட்டால், "ஐ டோன்ட் நோ, பட் ஐ கான் ஃபைன்ட் அவுட்" என்று நேராகப் பார்த்துச் சொல்லுங்கள். வரவேற்பு மேசைக்கு ஆள் தேடுபவர் அந்தப் பதிலுக்காகவே சில வேளை அந்தக் கேள்வியைக் கேட்பார்.

மின்னஞ்சலைக் கட்டாயம் எழுதுங்கள். விடுதியின் பெயரில் எழுதுவதால் முகாமையாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு எழுதுங்கள். நீளமாக வேண்டாம். காற்றின் மேலும் வள்ளக்காரர் மேலும் பழி போட வேண்டாம். "யூ ஆஸ்க்ட் மீ அபவுட் த போட், அண்ட் ஐ செட் ஃபோர் ஷுவர். ஐ டிட் நொட் நோ. ஐ ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் த போட்மன் ஃபர்ஸ்ட். ஐ அம் சொரி." நடுவிலே நிற்கும் 'ஐ டிட் நொட் நோ' என்ற அந்த நான்கு சொல் வாக்கியத்தை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை, மென்மையாக்க வேண்டாம். நான் அந்த அக்காவிடம் சந்தையில் வைத்துச் சொல்லத் தவறிய வாக்கியம் அது.

மீண்டும் வரும்படி அழைக்க விரும்பினால், அடுத்த தடவை கடல் அமைதியாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "த சீ இஸ் யூஷுவலி காம் ஃப்ரொம் ஏப்ரல் டு செப்டெம்பர்" என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அந்த 'யூஷுவலி'யை மட்டும் எடுத்துவிட வேண்டாம், மகள்.